வழி பிரியும் சொல்

கோடம்பாக்கத்து வசனத்தாள்களிலிருந்து 'கவலை' மெல்ல மெல்ல விடைபெற்று வருகிறது. 'டென்ஷன் ஆகாதே', 'ஃபீல் பண்ணாதே', 'டோன்ட் வொர்ரி' எல்லாம் அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. 1960இல் கண்ணதாசன் தம் சொந்தப் படத்துக்கே 'கவலை இல்லாத மனிதன்' என்று பெயர் வைத்தார். அந்த ஒரு சொல்லை நம்பிச் சுவரொட்டி ஒட்டிய காலம் அது.

'வொர்ரி'யும் லேசான சொல் அல்ல. பழைய ஆங்கிலத்தில் 'வ்யுர்கன்' என்றால் குரல்வளையை நெரிப்பது. பிறகு ஆட்டின் கழுத்தைப் பற்றி உலுக்கும் நாயின் செயலுக்கு ஆனது. மனவேதனைக்கு வந்து சேர்ந்தது வெகுகாலம் கழித்து. ஜெர்மனில் அதன் உடன்பிறப்பு இன்றும் கழுத்தைத்தான் நெரிக்கிறது.

இதைக் கண்டு, நம் கவலையையும் 'கவ்வு' என்பதிலிருந்து இழுத்து வரத் தோன்றலாம். ஒலி இடம் கொடுக்கும். சங்கப் பாட்டு கொடுக்காது. அங்கே கவலை என்றால் பெரும்பாலும் வழி பிரியும் இடம். கவை, கவடு, பையன்கள் ரப்பர் கட்டிக் கல் அடிக்கும் கவட்டை எல்லாம் அந்தக் குடும்பம். (மாடு பூட்டி நீர் இறைக்கும் கமலைக்கும் 'கவலை' என்று பெயர் உண்டு, அது தனிக் கதை.)

குறுந்தொகை 12ஆம் பாட்டு ஒன்று போதும். பாடியவர் ஓதலாந்தையார். கொல்லனின் உலைக்கல் போன்ற பாறையில் ஏறி எயினர் அம்பு தீட்டுகிறார்கள். தலைவனின் தேர் போன வழி அது. 'கவலைத்து' என்கிறாள் தலைவி. கிளைவழிகள் உடையது என்பதுதான் நேர்ப்பொருள். துன்பத்துக்கு அந்தப் பாட்டிலேயே 'அவலம்' என்று தனிச்சொல் இருக்கிறது. ஆனாலும் 'கவலைத்து' என்ற இடத்தில் இன்றைய காதுக்கு இரண்டும் கேட்கிறது. தேர் எந்தப் பக்கம் திரும்பியதோ என்று அவள் மனமும் அந்தப் பிரிவிலேயே நிற்கிறது. ஒரே சொல் பாதையாகவும் பதைப்பாகவும் ஆவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

வள்ளுவர் ஏழாம் குறளில் 'மனக்கவலை' என்று மனத்தை முன்னால் ஒட்டிவைத்தார். வெறும் கவலை என்றால் பாதை நினைவுக்கு வந்துவிடும் என்றா?

'விசாரம்'தான் அழகு என்பாரும் உண்டு. யோசனையில் பிறந்த சொல், 'விசாரணை'க்கு உறவு. நல்ல சொல்தான், ஆனால் அதன் காலில் புழுதி இல்லை.

வசனம் எழுதுகிறவர்களே, அடுத்த முறை 'டென்ஷன்' என்று எழுதுமுன் உ.வே.சா.வின் 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பை எடுத்து அந்த 12ஆம் பாட்டை வாய்விட்டுப் படியுங்கள். அவர் பெயரில் உள்ள நூல்நிலையம் பெசன்ட் நகரில்தான் இருக்கிறது. கோடம்பாக்கத்திலிருந்து அதிக தூரமில்லை.