கூரையில் கயாக், குறுக்கே ஆரல்வாய்மொழிக் காற்று

அம்பாசடர் காலத்தில் கூரையோரம் மழைநீர் வடியும் காடி இருந்தது. அதில் கொக்கியை மாட்டி இரும்புக் கேரியரை நிறுத்திவிடலாம். சீர்வரிசைப் பாத்திரம் முதல் வாழைத்தார் வரை அதில் போகாத சாமான் இல்லை. இன்றைய ஹேட்ச்பேக்கின் கூரை மொழுமொழுவென்று இருக்கிறது. கயாக் ஏற்ற வேண்டும் என்று சொன்னதும் பட்டறைக்காரர், "அண்ணாச்சி, நாலு ஆங்கிள வெல்டிங் வச்சுத் தாரேன், என்னத்த வேணும்னாலும் ஏத்துங்க" என்றார். கூரையைச் சுட்டால் துரு பிடிக்கும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும், ஆர்.டி.ஓ. பிரச்சினை வேறு. நான் வாங்கியது கதவுச் சட்டத்தைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு அலுமினியக் குறுக்குக் கம்பிகள்.

மாட்டுவது கடினமில்லை. கதவைத் திறந்து, கவ்வியைச் சட்டத்தில் பொருத்தி, கூடவே வரும் சாவியால் நான்கு முனையையும் மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். ஒரே முனையை முழுக்க இறுக்கினால் கம்பி கோணிவிடும். ரப்பர் பாதம் உட்காரும் இடத்தை ஈரத்துணியால் துடைப்பது முக்கியம். திருச்செந்தூர்ப் பக்கம் போய்வந்த காரில் தேரி மணல் ஒட்டியிருக்கும்; பாதத்துக்கு அடியில் ஒரு பருக்கை சிக்கினாலும் பெயிண்ட் போச்சு. சிறிது தூரம் ஓட்டியதும் இறங்கி இன்னொரு முறை முறுக்குங்கள், கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

கடைக்காரர் கம்பி தாங்கும் எடையைத்தான் சொல்வார். கூரை தாங்கும் எடை காரின் கையேட்டில் இருக்கிறது. சிறிய கார்களுக்கு அது 50 கிலோ, 75 கிலோ என்ற அளவில்தான் இருக்கும், கம்பியின் எடையும் அதில் சேர்த்தி. ஒரு பிளாஸ்டிக் கயாக் 20 முதல் 25 கிலோ. இரண்டு கயாக்கோடு கம்பியும், கயாக்கை உட்காரவைக்கும் தாங்கியும் சேர்ந்தால் 50 கிலோ தாங்கும் கூரையின் அளவைத் தாண்டிவிடும். ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீளம் பயப்பட வைக்காது. 12 அடி கயாக் 3.66 மீட்டர், நம் ஊர் 'நாலு மீட்டருக்குள்' கார்களில் பலவும் அதைவிட நீளம். அளவை மீறிச் சரக்கு நீட்டினால் 2019 திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம் என்பதால், 14 அடிக்கு ஆசைப்படுபவர்கள் முதலில் டேப்பை எடுக்கட்டும். கனூ என்றால் தாங்கி தேவையில்லை, கம்பிமேல் கவிழ்த்துக் கட்டினால் போதும்.

உண்மையான சோதனை காற்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று, வள்ளியூர் தாண்டி பணகுடி நெருங்கும்போது காரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தக் காற்றாலைகள் சும்மா நட்டு வைத்தவை அல்ல. லாரியை முந்தி வெளியே வரும் நொடியில் ஸ்டியரிங் கையை இழுக்கும். கம்பிகள் அசையவில்லை, கயாக்கின் மூக்குதான் மேலெழும்பித் துடித்தது. முன்முனையிலிருந்து பானெட்டுக்குக் கீழே உள்ள இழுவைக் கொக்கிக்கு ஒரு கயிறு கட்டியதும் அடங்கியது. பின்முனைக்கும் ஒன்று வேண்டும். இந்தக் கயிறுகள் செட்டோடு வருவதில்லை, வராதது குறைதான்.

நடுவே கட்டுவதற்கு ராட்செட் பெல்ட் வேண்டாம். நெல்லை வெயிலில் இளகிய பிளாஸ்டிக்கை அது நசுக்கிக் குழி விழ வைக்கும். கையால் இழுத்து இறுக்கும் சாதாரண பக்கிள் பெல்ட் போதும். பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் 'விர்ர்' சத்தமும் வராது. வெறும் கம்பியாக ஓட்டும்போதும் இரைச்சல் உண்டு. வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள், பெட்ரோலும் மிச்சம்.

சரி, எங்கே கொண்டுபோய் இறக்குவது? தாமிரபரணியின் மேலே காரையாறு அணை களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, தண்ணீரில் முதலையும் உண்டு. அந்த எண்ணமே வேண்டாம். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளுக்கும் மேல்பக்கம் தேங்கி நிற்கும் தண்ணீரில், வெள்ளம் இல்லாத நாளில், உள்ளூரில் கேட்டுக்கொண்டு இறங்கலாம். கோடையில் மற்ற இடமெல்லாம் பாறையும் அமலைச் செடியும்தான். கயாக்குக்கு ஏற்றது புன்னைக்காயல் முகத்துவாரமும் மணப்பாடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா. அங்கே போகக் கூடாது.

கடற்கரைக்கு அடிக்கடி போகிறவர்கள் இந்தக் கம்பிகளைத் தாராளமாக வாங்கலாம். ஆற்றோடு நிறுத்திக்கொள்பவர்கள், டிக்கியில் மடித்துப் போட்டுக் கரையில் காற்றடிக்கும் கயாக்கைப் பாருங்கள். வெளிநாட்டு பிராண்ட் கம்பி செட்டின் விலைக்குள்ளேயே அது வந்துவிடும். எதை வாங்கினாலும் லைஃப் ஜாக்கெட்டைச் சேர்த்து வாங்குங்கள்.