அட்டையில் தமிழ் இருந்தவர்கள்

அடையாள அட்டையின் வடிவம் மாறும்போதெல்லாம் நமக்குச் சொல்லப்படுகிற காரணம் ஒன்றுதான்: பழையதைப் போலியாகச் செய்துவிடுகிறார்கள், ஆகவே புதியது. காகிதம் பிளாஸ்டிக் ஆகிறது. பேனாவால் எழுதியது போய் அச்சு வருகிறது. அச்சுக்குப் பக்கத்தில் பட்டைக்கோடு வந்து உட்காருகிறது. அடையாள அட்டையோ சாரதி அனுமதிப்பத்திரமோ கடவுச்சீட்டோ, அதன் வடிவமைப்பு வரலாறு என்று எழுதப்படுவது கள்ளனுக்கும் அச்சகத்துக்கும் நடக்கிற இந்த ஓட்டப்பந்தயத்தைத்தான். இது பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அட்டையை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டால் கேள்வி மாறிவிடுகிறது. இந்தப் பிரதியின் வாசகன் யார்? எங்கே நின்றுகொண்டு வாசிக்கிறான்? வாசித்து முடித்தபின் அட்டைக்காரனுக்கு என்ன நடக்கிறது? வடிவமைப்பில் நேர்கிற மாற்றம் இந்த வாசகனையும் சேர்த்தே மாற்றுகிறது என்பது என் வாதம். இலங்கையின் தேசிய அடையாள அட்டையை வைத்து இதைப் பார்க்கலாம்.

1968-ஆம் ஆண்டின் 32-ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்தல் சட்டம்தான் இதற்கு அடிப்படை. அட்டை மக்கள் கைக்கு வரத் தொடங்கியது 1972-இல். இடையில் 1971 ஏப்ரல் கிளர்ச்சி. கிளர்ச்சிதான் அட்டையைக் கொண்டுவந்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் சட்டம் கிளர்ச்சிக்கு மூன்று வருடம் மூத்தது, அப்படிச் சுலபமாக முடிச்சுப் போட்டுவிட முடியாது. அட்டை என்றால் கறுப்பு வெள்ளைப் படம் ஒட்டி, விவரங்களைக் கையால் எழுதி, மேலே லேமினேட் செய்த ஒரு சின்னக் காகிதம். பெயர், பால், பிறந்த திகதி, பிறந்த இடம், தொழில், முகவரி. பேச்சில் அது 'ஐ.சி.' 'ஐ.சி. எடுத்திட்டியா?' என்பது வெளிக்கிடுகிற பிள்ளையிடம் அம்மா கேட்கிற கேள்வி. 'சாப்பிட்டியா?'வுக்கு அடுத்தது, சில காலங்களில் அதற்கும் முந்தியது.

இந்த அட்டையில் இனம் என்ற பத்தி கிடையாது. பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனம், தாயின் இனம் என்று பதிந்திருக்கும். அட்டையில் அது இல்லை. அட்டையின் முன் எல்லோரும் வெறும் பிரஜைகள். ஆனால் அட்டையில் மொழி இருந்தது. 2014 வரை, வடக்கிலும் கிழக்கிலும் வழங்கிய அட்டைகளில் சிங்களமும் தமிழும் சேர்ந்து இருந்தன. நாட்டின் மற்றப் பகுதிகளில் வழங்கியவற்றில் சிங்களம் மட்டுமே. இதை நிர்வாக வசதி என்று விளக்கிவிடலாம். மொழியுரிமைக்குக் கொடுத்த சலுகை என்றுகூடச் சொல்லலாம். தமிழ் பேசுகிற பகுதிக்குத் தமிழிலும் அட்டை, இதில் என்ன குறை?

குறை என்ன என்பது சோதனைச் சாவடியில் தெரிந்தது. சென்றியில் நிற்கிற பையனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. அட்டையில் தமிழ் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். இருந்தால், 'நீ இந்தப் பக்கம் நில்லு.' பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் இரண்டு வரிசை உண்டாகிவிடும். இது எழுத்தை எழுத்தாக வாசிக்காத ஒரு வாசிப்பு. என் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறது. அதை அவன் வாசிக்கவில்லை. தமிழில் எழுதியிருக்கிறது என்பதை மட்டும் வாசிக்கிறான்.

குறி தன்னளவில் அர்த்தம் கொண்டதல்ல, வேறுபாட்டால்தான் அர்த்தம் பெறுகிறது என்று சசூரை முன்வைத்து நம் சிற்றிதழ்களில் எத்தனையோ பக்கம் எழுதியாயிற்று. கவிதைக்கும் நாவலுக்கும் பொருத்திப் பார்த்துச் சலித்தும் போயிற்று. கொழும்பு வீதியில் அது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. எல்லா அட்டையிலும் தமிழ் இருந்திருந்தால் அந்தத் தமிழுக்கு எந்த அர்த்தமும் இருந்திருக்காது. எந்த அட்டையிலும் இல்லாதிருந்தாலும் அப்படித்தான். சிலவற்றில் இருந்து சிலவற்றில் இல்லாமல்போன அந்த வடிவமைப்பே, யாரும் அச்சடிக்காத 'இனம்' என்ற பத்தியை அட்டையில் உண்டாக்கியது.

இங்கே ஒரு சங்கடத்தை நேராகப் பேச வேண்டியிருக்கிறது. 1956-இன் தனிச் சிங்களச் சட்டத்திலிருந்து நம் அரசியல் கேட்டது, அரச காகிதத்தில் தமிழ் வேண்டும் என்பதைத்தான். 1987-இல் 13-ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று எழுதிவைத்தது. அந்தக் கோரிக்கை சரியானது. ஆனால் அது பாதி நிறைவேறிய இடத்தில், அதாவது தமிழருக்கு மட்டும் தமிழ் என்று நிறைவேறிய இடத்தில், மொழி உரிமையாக இல்லாமல் முத்திரையாக வேலை செய்தது. கொழும்பிலோ மலையகத்திலோ அட்டை எடுத்த தமிழன் தன் பெயரைச் சிங்கள எழுத்தில் சுமந்துகொண்டு திரிந்தான், அது அவமானம். ஆனால் முதற் பார்வையில் அவன் தப்பித்துக்கொள்ளவும் அது உதவியிருக்கும். தன் மொழி இல்லாத அட்டை பாதுகாப்பானது என்று ஒருவனை நினைக்கவைக்கிற நிலைமையை 'மொழிச் சமத்துவம்' என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு விளக்க முடியாது. சிங்களவரின் அட்டையிலும் தமிழ் இருக்க வேண்டும் என்பதை நம் கோரிக்கைப் பட்டியலின் முதல் வரியாக நாம் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. தமிழ் தமிழருக்கு என்றே யோசித்துப் பழகியிருந்தோம்.

முதற் பார்வை என்று சொன்னேன். இரண்டாம் பார்வையில் பெயர் இருக்கிறது, பிறந்த இடம் இருக்கிறது, முகவரி இருக்கிறது. சிங்களம் மட்டுமே உள்ள அட்டையிலும் 'யாழ்ப்பாணம்' யாழ்ப்பாணம்தான். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 300-க்கும் மேற்பட்டவர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவால் நிறுத்தியது; பிரதமர் வருத்தம் தெரிவித்தார். அந்த ஆட்களிடம் அட்டை இல்லாமல் இல்லை. அட்டை இருந்ததால்தான் அவர்கள் எந்த ஊர் என்று தெரிந்தது. அட்டை போதாத இடங்களும் இருந்தன: 90-களின் வவுனியாவில் அட்டைக்கு மேலே 'பாஸ்', அதிலும் இத்தனை நாளுக்கு என்று வகை வகையாக. மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்யாகிவிடும். புலிகளின் பகுதியிலிருந்து வெளியே போகவும் பாஸ் வேண்டும், பிணைக்கு ஆள் வேண்டும். தெற்கில் 88-89-இல் ஜே.வி.பி. தேர்தலைத் தடுக்க வீடு வீடாக அடையாள அட்டைகளைப் பறித்துச் சென்றது. அரசின் பிரதியை எதிர்த்தவர்களுக்கும் அந்தப் பிரதியின் மேல் இப்படி ஒரு மோகம் இருந்திருக்கிறது.

அல்துஸ்ஸர் சொல்கிற தெருக்காட்சி எல்லோருக்கும் தெரியும். பொலீஸ்காரன் 'ஏய்' என்று விளிக்கிறான். திரும்பிப் பார்க்கிறவன் அந்தத் திரும்பலிலேயே தன்னிலை ஆகிவிடுகிறான். பாரிஸ் தெருவுக்கு அது சரியாக இருக்கலாம். நம் தெருவில் திரும்பிப் பார்த்தால் முடியாது. 'ஐடென்டி' என்பார்கள். கையை மெதுவாகப் பைக்குள் விட வேண்டும் (வேகமாக விட்டால் அதுவே குற்றம்), எடுத்துக் கொடுக்க வேண்டும், அவன் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிற நேரம் முழுக்க அட்டையில் இருக்கிற ஆளாகவே நின்றுகொண்டிருக்க வேண்டும். அதற்கு முன், 83-இல், கும்பல்கள் மறித்தபோது சிங்களச் சொல்லை உச்சரித்துக் காட்டச் சொன்னார்கள். அப்போது வாய்தான் அட்டை. பழகிய வாய் தப்பியது. அட்டையைப் பழக்க முடியாது.

இனத்தை அட்டையே வெளிப்படையாகச் சொல்லிவிட்ட நாடுகளும் உண்டு. பெல்ஜிய ஆட்சி 1930-களில் ருவாண்டாவில் கொண்டுவந்த அட்டை முறை சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. பிற்கால அட்டையின் வடிவமைப்பைக் கவனிக்க வேண்டும்: ஹூட்டு, டுட்சி, ட்வா, குடியுரிமை பெற்றவர் என்ற வகைகள் அட்டையிலேயே அச்சடித்திருக்கும், பொருந்தாதவற்றை அதிகாரி பேனாவால் கோடு போட்டு அடிப்பார். அடிபடாமல் மிஞ்சுகிற சொல்தான் நீ. 1994-இல் வீதித் தடைகளில் அந்த மிஞ்சிய சொல்லைத்தான் பார்த்தார்கள். படுகொலைக்குப் பிறகு வந்த அரசு அந்தப் பத்தியை அட்டையிலிருந்து எடுத்துவிட்டது.

தென்னாப்பிரிக்காவில் இனம் எண்ணுக்குள் இருந்தது. 13 இலக்க அடையாள எண். அதன் 12-ஆம் இலக்கம் இன வகை. வெள்ளையருக்கு 0, இந்தியருக்கு 5; டர்பன் தமிழர்களெல்லாம் அந்த 5-க்குள் அடக்கம். 1986-க்குப் பிறகு அந்த முறை கைவிடப்பட்டு, அந்த இடத்தில் பொதுவான ஓர் எண் வந்தது. எண்ணின் நீளத்தை மாற்றவில்லை. அர்த்தம் போன பின்னும் அந்த இடம் அப்படியே இருக்கிறது. வீட்டில் செத்துப்போனவரின் கதிரையை எடுக்காமல் வைத்திருப்பார்களே, அதுமாதிரி.

நம் எண்ணுக்கு வருவோம். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. 1970 ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆண் என்றால் 70001 என்று தொடங்கும். அதே நாளில் பிறந்த பெண் என்றால் 70501. பெண்ணின் பிறந்தநாளோடு 500-ஐக் கூட்ட வேண்டும். ஆணின் நாள் நாளாகவே இருக்கிறது. பெண்ணுடையது கூட்டல் கணக்கு. பெண்ணியத் தோழிகள் பல வருடமாகச் சொல்லிவருகிற 'ஆண் பொது, பெண் பிற' என்பதை இவ்வளவு கச்சிதமாக வேறு எந்தப் பிரதியும் சொல்லிப் பார்த்ததில்லை. (தென்னாப்பிரிக்க எண்ணில் 5000-க்குக் கீழ் பெண், மேலே ஆண். ஆகவே இது கணக்கின் கட்டாயம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.) பால் மாறி வாழ்கிறவர் தன் அட்டையைத் திருத்தப் போனால், இந்த முறையின்படி திருத்த வேண்டியது ஒரு சொல்லை மட்டுமல்ல, எண்ணையே. சாரதி அனுமதிப்பத்திரத்தில் இருப்பதும் அதே எண். வங்கியிலும் அதே எண்தான்.

இறுதி எழுத்து, வாக்குரிமை உள்ளவருக்கு வி, இல்லாதவருக்கு எக்ஸ். 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை எங்கே தள்ளியது, 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எப்படித் தலை எண்ணிப் பங்கு பிரித்தது என்பதெல்லாம் அறிந்த ஒருவர் இந்த எழுத்தைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. தோட்டத்தில் பலருக்கு எந்த எழுத்தும் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. பிறப்புச் சான்றிதழ் இல்லை, ஆகவே அட்டையும் இல்லை. 2003-இல்தான் சட்டம் போட்டு மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தார்கள்.

2014-இல் எல்லா அட்டையிலும் இரு மொழி வந்தது. போர் முடிந்து ஐந்து வருடம் கழித்து. 2016-இல் எண் 12 இலக்கமாயிற்று. ஆண்டு நான்கு இலக்கத்தில், கடைசி எழுத்து போய்விட்டது. 500 போகவில்லை. 2017 அக்டோபரில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றோடும் இயந்திரம் வாசிக்கக்கூடிய புதிய அட்டை. சென்றியில் பார்த்துப் பிரிக்க உதவிய எழுத்து வேறுபாடு புதிய அட்டையில் இல்லை. நல்லது. இதை நல்லது என்று சொல்லத் தயங்குகிற தீவிரவாதம் எனக்கு இல்லை. அந்த வரிசையில் நின்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஆனால் வாசகனும் மாறிவிட்டான் என்பதைப் பார்க்க வேண்டும். பழைய அட்டையில் சென்றிப் பையன் எதை வாசித்தானோ அதை நானும் வாசிக்க முடிந்தது. எதனால் என்னைத் தள்ளி நிறுத்துகிறான் என்று எனக்குத் தெரியும். அதை நான் எழுத முடியும், வழக்கில் சொல்ல முடியும், இப்போது இந்தப் பக்கத்தில் எழுதுகிறேனே அப்படி. பட்டைக்கோட்டை நான் வாசிக்க முடியாது. கோட்டின் மறுமுனையில் இருக்கிற தரவுத்தளத்தில் என் பெயருக்கு எதிரே என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது, கவுண்டரில் இருக்கிற ஆளுக்கும் தெரியாமலிருக்கலாம். திரை சிவப்பு காட்டும், அவ்வளவுதான். 2022-இல் இந்தியாவோடு உடன்படிக்கை செய்து, அதன் நன்கொடையில் தொடங்கிய இலங்கையின் டிஜிட்டல் அடையாளத் திட்டம் கைரேகையையும் முகத்தையும் கண்ணையும் கேட்கிறது. இந்தியாவின் ஆதார் எண்ணில் பிறந்த நாளோ பாலோ ஊரோ எதுவும் பொதிந்திருக்காது. குலுக்கிப் போட்ட 12 இலக்கம். எண்ணில் பாகுபாடு இல்லை என்று அதை மெச்சுவார்கள். சரிதான், எண்ணில் இல்லை. ஆனால் கூலி வேலையில் ரேகை தேய்ந்த கைகளை ரேஷன் கடை இயந்திரம் தள்ளிவிட்ட செய்திகள் அங்கிருந்து வந்தபடிதான் இருந்தன.

1908 ஆகஸ்ட் 16, ஜொகானஸ்பர்க், ஹமீதியா மசூதி வளவு. ஆசியர்கள் கைரேகை வைத்து எடுக்க வேண்டியிருந்த பதிவுச் சான்றிதழ்களை ஒரு பெரிய அண்டாவில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். 2000-க்கும் மேல். அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் தம்பி நாயுடு போன்ற தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். காகிதத்தை எரிப்பதற்கு ஒரு அர்த்தம் இருந்தது, ஏனென்றால் அடையாளம் அந்தக் காகிதத்தில் இருந்தது. இன்று அட்டையை எரித்தால் அடுத்த நாள் கட்டணம் கட்டிப் பிரதி எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

ஆகவே டிஜிட்டல் அட்டை பற்றிப் பேச வருகிற அதிகாரிகளிடம் நம் தோழர்கள் கேட்க வேண்டியவை வடிவமைப்புக் கேள்விகள்தான் என்று நினைக்கிறேன். தரவுத்தளத்தில் எத்தனை பத்தி? பெற்றோரின் இனம் பிறப்புப் பதிவிலிருந்து அங்கே போகிறதா? என் பதிவை நான் முழுமையாகப் பார்க்க எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், அங்கே தமிழ் தெரிந்தவர் இருப்பாரா? நுவரெலியாவில் முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய ஒரு அம்மாவின் விரலை இயந்திரம் பொருந்தவில்லை என்று சொன்னால், அதை அவருக்கு எந்த மொழியில் சொல்லும், அதற்குப் பிறகு அவர் எந்த வரிசையில் நிற்க வேண்டும்?