கேட்டதற்குச் சொன்ன கதை, கேளாமல் சொன்ன கதை

ஈழத்திலும் தமிழகத்திலும் எழுதப்பட்ட தன்வரலாறுகளையும், சொந்த வாழ்விலிருந்து பிறந்த நாவல்களையும் சில காலமாக மாற்றி மாற்றி வாசித்து வருகிறேன். மொழி ஒன்று. பல வேளைகளில் பதிப்பகமும் ஒன்றுதான். ஈழத்தவர் எழுதிய முக்கியமான நூல்களில் கணிசமானவை தமிழகத்தில்தான் அச்சாகியிருக்கின்றன. ஆனாலும் ஒரு நூலை முடித்துவிட்டு அடுத்ததைத் திறந்தால், எழுதியவர் எந்தக் கரையைச் சேர்ந்தவர் என்பது பத்துப் பக்கத்துக்குள் தெரிந்துவிடுகிறது. வட்டார வழக்கால் மட்டும் தெரிவதில்லை. தன் வாழ்க்கையை எடுத்துச் சொல்கிற முறையே வேறாக இருக்கிறது.

ஒருவரிடம் அவருடைய கதையை முதலில் கேட்டது யார்? இந்தக் கேள்வியில்தான் வேறுபாட்டின் வேர் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஈழத் தமிழரிடம் அதிகாரி கேட்டார். தமிழகத்தில் ஒடுக்கப்பட்டவரிடம் எவரும் கேட்கவில்லை. ஒன்று கேட்டதற்குச் சொன்ன கதை. மற்றொன்று கேளாமல் சொன்ன கதை.

போர்க்காலத்து இலங்கைத் தமிழர் ஒருவர் எத்தனை இடங்களில் தன்னை விளக்க வேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி ஊர், பிறந்த இடம், வந்த காரணம் சொல்ல வேண்டும். கொழும்பில் அறை எடுத்தால் பொலிஸில் பதிய வேண்டும். வெளிநாட்டுக்குத் தப்பிவிட்டால் அகதி விசாரணையில் முழு வாழ்க்கையையும் ஆண்டு வாரியாக ஒப்புவிக்க வேண்டும். புலம்பெயர்ந்தோர் இதைக் ‘கேஸ்’ என்பார்கள்; கேஸ் எழுதிக் கொடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின் முகாம்களில் மறுபடியும் பதிவு, மறுபடியும் விசாரணை. 11,000க்கும் மேற்பட்ட முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2010இல் அமைக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழுவிடம் சொன்ன அதே விவரத்தைப் பின்னர் வந்த ஆணைக்குழுக்களிடமும் காணாமல் போனோருக்கான அலுவலகத்திடமும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இவ்வளவு தூரம் கதை கேட்கப்பட்ட ஒரு சமூகம் எழுத உட்காரும்போது, விசாரணை மேசையின் நிழல் தாளில் விழாமல் இருக்காது.

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) இதை நேரடியாகவே எடுத்துக்கொள்கிறது. பிரான்ஸில் தஞ்சம் கோரும் ஒருவன் அதிகாரிகளுக்கு எழுதும் விண்ணப்பத்தோடு நாவல் தொடங்குகிறது. எந்த ஆண்டு எங்கே பிடிபட்டேன், யார் அடித்தார்கள், எப்படித் தப்பினேன் என்று அலுவலக மொழியில் போகிறது. அதற்குப் பிறகு விரிகிற தீவுப்பகுதிக் கிராமமும், ‘கொரில்லா’ என்று பட்டப்பெயர் வாங்கிய முரட்டுத் தகப்பனும், இயக்கத்துக்குப் போன பையனும் அந்த விண்ணப்பத்துக்குள் அடங்காதவர்கள். நடுநடுவே அடிக்குறிப்புகள் வந்து யார், எப்போது, எங்கே என்று தகவல் சொல்கின்றன. அதிகாரி நம்புவதற்காக எழுதப்படும் வாழ்க்கை, நடந்த வாழ்க்கையில் எவ்வளவு சிறிய பங்கு என்பதை இந்த அமைப்பே காட்டிவிடுகிறது. எனக்குத் தெரிந்து, அகதி விண்ணப்பம் என்ற வடிவத்தைத் தமிழ் நாவல் இவ்வளவு ஆழமாகப் பயன்படுத்தியது அதற்கு முன் இல்லை.

நாவலுக்கு வெளியேயும் இந்தத் தன்மை தொடர்கிறது. சி.புஷ்பராஜா 2003இல் வெளியிட்ட நினைவு நூலின் தலைப்பு ‘ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்’. கணேசன் என்கிற ஐயர் தன் நூலுக்கு ‘ஈழப் போராட்டத்தில் எனது பதிவுகள்’ என்று பெயரிட்டார். இருவரும் தங்கள் குழந்தைப்பருவத்தையோ குடும்பத்தையோ விரித்து எழுதவில்லை. 1970களில் யார் எங்கே கூடினார்கள், எந்த முடிவை யார் எடுத்தார்கள், யார் கொல்லப்பட்டார்கள் என்பதே அவர்களின் அக்கறை. பெயரும் ஆண்டும் இடமும் நிறைந்த எழுத்து அது. யாராவது குறுக்கு விசாரணை செய்வார்கள் என்று தெரிந்தே எழுதியதுபோல் இருக்கும். செய்யவும் செய்தார்கள், புஷ்பராஜாவின் நூலுக்கு மறுப்புகளும் திருத்தங்களும் வந்தன.

இதற்கு நேர் எதிரில் பாமாவின் ‘கருக்கு’ (1992) நிற்கிறது. அதில் ஆண்டுகளைத் தேடினால் கிடைக்காது. கண்மாயும் மலையும், தெருவும் சர்ச்சும், விளையாட்டும் பட்டப்பெயர்களும் பேச்சுவழக்கில் வந்துகொண்டே இருக்கும். அந்தப் பேச்சின் நடுவே ஒரு காட்சி. தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைச் சணலில் தொங்கவிட்டுக் கை படாமல் கொண்டுபோய் நிலக்காரரிடம் நீட்டுகிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பாக வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். தொட்டால் தீட்டு என்பதால் அப்படிக் கொண்டுபோகிறார் என்று அண்ணன் விளக்கிய பிறகு அந்தச் சிரிப்பு போய்விடுகிறது. அது எந்த ஆண்டு, அந்த நிலக்காரரின் பெயர் என்ன என்பதெல்லாம் அங்கே தேவைப்படவில்லை. அது ஒருநாள் நடந்த சம்பவம் அல்ல, தினமும் நடந்தது. தினமும் நடக்கிற கொடுமைக்குத் தேதி கிடையாது.

கே.ஏ.குணசேகரனின் ‘வடு’ (2005) இன்னும் நுணுக்கமானது. சிவகங்கைப் பகுதியில் இளையான்குடியைச் சுற்றிய ஊர்களில் கழிந்த பிள்ளைப்பருவம். இளையான்குடி முஸ்லிம்கள் மத்தியில் சாதி கேட்கப்படாமல் பழக முடிகிறது. அங்கிருந்து சில மைல் தள்ளி உறவினர் வீட்டுக்குப் போனால் எந்தத் தெருவில் நடக்கலாம், எங்கே தண்ணீர் குடிக்கலாம் என்று எல்லாமே மாறிவிடுகிறது. ஒரே சிறுவன், ஊர் மாறினால் அவன் உடம்பின் மதிப்பு மாறுகிறது. எந்த ஆணைக்குழுவும் இதை விசாரிக்க வரவில்லை. எந்தக் காவல் நிலையத்திலும் பதிவாகவில்லை. குணசேகரன் எழுதியிராவிட்டால் அதைச் சொல்ல ஆளே இல்லை.

திருநங்கையரின் தன்வரலாறுகளுக்கும் இது பொருந்தும். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’, ரேவதியின் ‘வெள்ளை மொழி’ இரண்டும் அதுவரை தமிழ் வாசகர் காதில் விழாத வாழ்வைச் சொன்னவை. ரேவதியின் நூல் ஆங்கில மொழிபெயர்ப்பாக 2010இல் வந்த பிறகே தமிழில் வந்தது என்பது நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. கேட்பாரில்லாத கதைக்குத் தாய்மொழியிலேயே இடம் தாமதமாகத்தான் கிடைத்திருக்கிறது.

நாவல் என்ற வடிவத்தை இரு கரையினரும் கையாளும் விதமும் இதே காரணத்தால் மாறுகிறது. ஈழத்தில் உண்மையைச் சொந்தப் பெயரில் சொல்வது உயிருக்கு ஆபத்து என்று இருந்த ஆண்டுகளில் நாவல்தான் மறைவிடம். ஆயுத இயக்கம் ஒன்றின் உள்ளே நடந்த சித்திரவதைகளைக் கோவிந்தன் 1985இலேயே ‘புதியதோர் உலகம்’ நாவலாக எழுதினார். பாத்திரங்களின் பெயர்கள் மாற்றப்பட்டிருந்தாலும் எந்த இயக்கம் என்பது வாசித்தவர்களுக்குத் தெரிந்தது. குணா கவியழகனின் ‘நஞ்சுண்ட காடு’ பயிற்சி முகாம் வாழ்க்கையையும் ‘விடமேறிய கனவு’ போருக்குப் பிந்திய தடுப்பு வாழ்க்கையையும் சொல்கின்றன. உள்ளே இருந்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய பசியும் அச்சமும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. என்றாலும் அட்டையில் நாவல் என்றே இருக்கிறது. அந்தச் சொல் எழுதியவருக்கு ஒரு காப்பு.

தமிழகத்தில் அடி விழுந்தது நாவலுக்குத்தான். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, திருச்செங்கோடு என்ற ஊர்ப் பெயருக்காகவும் குழந்தையில்லாத தம்பதி பற்றிய கதைக்காகவும் அது எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது, 2015 ஜனவரியில் எழுத்தாளர் எழுத்தையே விடுவதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கற்பனை என்று சொன்ன பிறகும் ஊர் விடவில்லை. ‘கருக்கு’ வெளிவந்த புதிதில் பாமாவாலும் சொந்த ஊருக்குள் சில மாதங்கள் போக முடியவில்லை. இலங்கையில் எழுத்தாளர் அஞ்ச வேண்டியிருந்தது ஆயுதம் வைத்திருந்தவர்களை. தமிழகத்தில் அஞ்ச வேண்டியிருப்பது அடுத்த தெருக்காரரை.

இந்தப் பிரிப்பு முழுமையானதல்ல. கேளாமல் சொன்ன கதைகள் இலங்கையிலும் உண்டு. போரின் இரைச்சலில் அவை பின்னுக்குப் போயின. கே.டானியல் ‘பஞ்சமர்’ வரிசை நாவல்களில் யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையை எழுதினார். என்.கே.ரகுநாதனின் ‘ஒரு பனஞ்சோலைக் கிராமத்தின் எழுச்சி’, யோகரட்ணத்தின் ‘தீண்டாமைக் கொடுமைகளும் தீ மூண்ட நாட்களும்’ ஆகியவை கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் நடந்த போராட்டங்களின் நினைவுகள். இவற்றை ‘வடு’வோடு சேர்த்து வாசித்தால் பாக்கு நீரிணை இருப்பதே மறந்துபோகும். சயந்தனின் ‘ஆதிரை’ (2015) இரண்டையும் இணைக்கிறது. மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னியில் குடியேறிய குடும்பங்கள் காடு வெட்டி, பயிர் வைத்து, பிள்ளைகளைப் போருக்குப் பறிகொடுத்த கதை அது. யார் பக்கம் நின்றீர்கள் என்று அவர்களிடம் எல்லோரும் கேட்டார்கள். எப்படி வாழ்ந்தீர்கள் என்று கேட்டது அந்த நாவல்.

அதேபோலக் காவல் நிலையத்தில் கேட்கப்பட்ட கதை தமிழகத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார், பிழைக்கப் போன குண்டூரில் செய்யாத குற்றத்துக்காகப் பட்ட சித்திரவதையை ‘லாக்கப்’ என்று எழுதினார். வெற்றிமாறனின் ‘விசாரணை’ (2015) திரைப்படத்துக்கு அதுதான் மூலம். அந்தச் சிறிய நூலின் நடை ‘கருக்கு’வைவிட ஈழத்துச் சிறைக் குறிப்புகளுக்கே நெருக்கமானது. அடி விழுந்த நேரம், கொடுத்த சோறு, கேட்ட கேள்வி என்று ஒவ்வொன்றும் கணக்காக இருக்கும். நடையைத் தீர்மானிப்பது நாடு மட்டுமல்ல, எதிரே உட்கார்ந்திருப்பவரும்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எழுதியவர்களைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு வாசிப்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ 2016 பிப்ரவரியில் காலச்சுவடு வெளியீடாக வந்தது. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்தவர் அவர். 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்துவிட்டார். நூல் வந்ததும் அதை முழுக்க அவர்தான் எழுதினாரா, யாரை மகிழ்விக்க எழுதினார், துரோகமா இல்லையா என்ற விவாதம் பல மாதம் ஓடியது. அந்த விவாதத்தில் நூலின் பல பக்கங்கள் காணாமற் போயின. வறிய வீட்டின் மூத்த மகளாகப் பாடசாலையை விட்டுப் போனது, தன்னை நம்பி வந்த பெண்பிள்ளைகளின் சாவுக்குத் தான் எவ்வளவு பொறுப்பு என்று தன்னையே கேட்டுக்கொண்டது, சிறையில் சக கைதிகளோடு நாட்களைத் தள்ளியது ஆகியவற்றைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பதினெட்டு ஆண்டுகள் இயக்கத்தில் இருந்த ஒரு பெண் அதன் தவறுகளை எண்ணிப் பார்ப்பது தமிழில் அரிதான எழுத்து. நாமோ அதிகாரியின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டோம். அவர் ஏற்கெனவே பல மேசைகளில் பதில் சொல்லிவிட்டு வந்தவர் என்பதை மறந்துவிட்டோம்.

தமிழகத்து நூல்களுக்கு வேறு வகையான அநியாயம் நடக்கிறது. தலித் தன்வரலாறு என்றதும் கண் கலங்கி வாசித்து, பாராட்டி, பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டுக் கடமை முடிந்ததாக இருந்துவிடுகிறோம். ‘கருக்கு’வில் வரும் அந்த நிலக்காரர் போன்றோர் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளும் தமிழில் எழுதுகிறார்கள். அவர்களுடைய தன்வரலாறுகளில் பொட்டலத்தை வாங்கிய கை வருவதில்லை. தோப்பும் திருவிழாவும் பாட்டி சமையலும்தான் வருகின்றன. ஈழத்தில் ஒருவர் சாட்சியம் எழுதினால் மற்றவர் மறுப்பாவது எழுதுகிறார். தமிழகத்தில் எதிர்த்தரப்பிலிருந்து மௌனமே பதிலாக வருகிறது. மறுப்பைவிட அந்த மௌனம் வசதியானது, ஆகவே மோசமானது.

இரு கரையினரும் ஒருவரிடம் ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. ஈழத்து நினைவு நூல்களில் எனக்குக் குறையாகத் தெரிவது அன்றாடம். பங்கருக்குள் என்ன சமைத்தார்கள், இடப்பெயர்வில் மாதவிலக்கை எப்படிச் சமாளித்தார்கள், ஆட்டையும் மாட்டையும் யாரிடம் விட்டுவந்தார்கள் என்பவற்றைத் தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ போன்ற நூல்களில்தான் பார்க்க முடிகிறது. அங்கேயும் எழுதியவர் ஒரு பெண் என்பது தற்செயல் அல்ல. தமிழகத்து எழுத்தில் குறைவது பதிவு. எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தத் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை என்று எழுதிவைத்தால் நாளை எவரும் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது.

வாசகராகிய நம் பங்கும் அதில் உண்டு. ஈழத்து நூலைத் திறக்கும்போது எந்தப் பக்கம் என்ற கேள்வியைத் தள்ளிவைத்து, எப்படி வாழ்ந்தீர்கள் என்று கேட்டு வாசிக்க வேண்டும். தமிழகத்து நூலைத் திறக்கும்போது அனுதாபத்தைத் தள்ளிவைத்து, இதில் என் வீடு எங்கே நின்றது என்று கேட்டு வாசிக்க வேண்டும். எழுதுவதற்கு அவர்கள் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால், இப்படி வாசிப்பதற்கு நாம் கொடுக்க வேண்டியது மிகக் கொஞ்சம்.