கழற்றிப் பூட்டும் கூரை
திண்டுக்கல் சமவெளியின் மரச்சட்டக் கொட்டங்கள்: மரபுகளும் மாற்றும் முறைகளும்

கோயில் கட்டடக்கலை பற்றி நூலகம் நிறைய நூல்கள் உண்டு. மாட்டுக்கொட்டம் பற்றி எழுதியவர் மிகச் சிலர். ஆனால் இதே வட்டாரத்தில், 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கியது கிராமத்தின் அன்றாடத்தை மதிக்கும் நோக்கத்தில்தான். அந்த மதிப்பில் உழவனின் கட்டடத்துக்கும் பங்கு உண்டு.

சமவெளி மரபு

இந்த வட்டாரத்துக் கொட்டத்தின் இலக்கணம் எளிது. கருங்கல்லுக்குக் குறைவில்லாத சீமை என்பதால் கால்கள் கல். அதன்மேல் உத்திரம், குறுக்கே விட்டம், விட்டத்தின் நடுவில் குட்டிக்கால், அது தாங்கும் மோட்டுவளை. வளையிலிருந்து இருபுறமும் பனங்கைகள் இறங்கும். அவற்றின்மேல் வரிச்சு, வரிச்சின்மேல் ஓலை அல்லது நாட்டு ஓடு.

பனங்கைதான் இதில் உயிர்நாடி. பனைக்கு வைரம் வெளிவட்டத்தில் இருக்கிறது. நடுவில் இருப்பது மெத்தென்ற சோறு. முதிர்ந்த மரத்தைப் பிளந்து, சோற்றைச் செதுக்கித் தள்ளி, கறுத்த நார்ப்பகுதியை மட்டும் கையாக்குவார்கள். அடிமரமே உறுதி, நுனிப்பக்கம் கூரை தாங்காது. இளம்பனையை வெட்டிப் போட்டவர் சில மழைக்குள் அதன் பலனைக் காண்பார்.

கல்கால் அழகுக்காக வந்ததல்ல. கொட்டத்துத் தரையில் மூத்திரமும் சாணியும் ஓயாது ஈரம் வைக்கும். ஈரம் இருந்தால் கரையான் வரும். மரத்தை மண்ணிலிருந்து தூக்கி நிறுத்தியதே இந்த மரபின் முதல் அறிவு. முளையாலும் கட்டாலும் பூட்டியதை அவிழ்த்து வேறு களத்தில் நிறுத்தலாம் என்பது இரண்டாவது.

அக்கம்பக்கத்து மரபுகள்

மேற்கே ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கம் போனால் கொங்கு நாட்டுச் சாளை: தோட்டத்திலேயே குடியிருப்பும் தொழுவமும் சேர்ந்திருக்கும். மலையாளத்துப் பத்தாயப்புரையில் நெல் வைக்கும் அறையே மரப்பலகைப் பெட்டி. அங்கே தச்சனே கட்டடத்தின் தலைவன். செட்டிநாட்டில் பர்மாத் தேக்கு வந்திறங்கியது. அது வணிகரின் செல்வம், உழவரின் கைக்கெட்டாதது. சமவெளி உழவன் தன் வரப்பில் நின்ற பனை, வேம்பு, பூவரசு ஆகியவற்றைக் கொண்டே கட்டினான். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் வீடு கட்டவேண்டும் என்று காந்தி தம்மிடம் சொன்னதாகக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் நினைவுகூர்வார். இந்தக் கொட்டங்கள் அதை யாரும் சொல்லாமலே செய்திருந்தன.

எழுதிய அளவுகோல்களும் உண்டு. பழைய சிற்பநூல்களான மயமதமும் மானசாரமும் மரங்களை இணைக்கும் முறைக்குத் தனி அத்தியாயம் ஒதுக்குகின்றன. மனையடி சாஸ்திரம் அடிக்கணக்குக்குப் பலன் சொல்கிறது. நம் காலத்தில் மரக்கட்டுமானத்துக்கு ஐ.எஸ். 883, மரத்தைப் பாதுகாக்க ஐ.எஸ். 401 ஆகிய இந்தியத் தர விதிகள் இருக்கின்றன. கொட்டத்து ஆசாரி இவற்றைப் படித்தவர் அல்லர். மரத்தைத் தட்டிப் பார்த்தே தீர்ப்புச் சொன்னவர்.

மாற்றத்தின் வரலாறு

பழைய கொட்டம் எதுவும் கட்டியபடி நின்றதில்லை. ஓலை போய் நாட்டு ஓடு வந்தது. 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலை சீமை ஓட்டைத் தென்னாடெங்கும் பரப்பியது. வரிச்சின் இடத்தில் சீரான இடைவெளியில் ரீப்பர் அடிக்க வேண்டியதாயிற்று. ஓலைக்கென வைத்த கைகளின்மேல் ஓட்டை ஏற்றியவர்கள், ஊடே கைகள் சேர்த்தால் கூரை நின்றது. சேர்க்காவிட்டால் நடுவில் தொய்ந்தது.

பிறகு சீட் வந்தது. ஓட்டின் இடுக்கு வழியே வெளியேறிய சூடு இப்போது மாட்டின் முதுகில் இறங்குகிறது. எடை குறைந்ததால் காற்று தூக்குகிறது. அதைத் தடுக்க அடிக்கும் ஆணியில் பனங்கை நார்வாக்கில் பிளக்கிறது. இன்னும் கெடுதலானது சிமென்ட். கல்கால் இல்லாத கொட்டத்தில் மரத்தூணின் அடியைச் சுற்றிக் காங்கிரீட் போட்டால் உறுதி என்று நினைக்கிறோம். உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றி, மேலே திடமாகத் தெரியும் தூண் அடியில் சொத்தைப் பல்லாகிறது. மட்கிய அடியை அறுத்து அதே உயரத்துக்குக் கல் கொடுப்பதுதான் பழைய வைத்தியம். இன்றும் அதைவிட நல்லது இல்லை.

மாற்றுவதற்கான நெறிகள்

பழைய கட்டடத்தை எப்படி மாற்றுவது என்பதில் உலகத்தில் மூன்று நான்கு கட்சிகள் உண்டு. 1877-இல் வில்லியம் மோரிஸ் லண்டனில் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், பழையதைப் புதுப்பிக்கிறேன் என்று அழிக்காதே, பழுது மட்டும் பார் என்றது. 1964-இன் வெனிஸ் சாசனம், புதிதாய்ச் சேர்த்தது புதிதென்று தெரியவேண்டும் என்றது. 1994-இல் ஜப்பானின் நாராவில் எழுந்த ஆவணம், எது மெய்யான பழமை என்பதை அந்தந்தப் பண்பாடே சொல்லட்டும் என்றது. 2017-இல் டெல்லியில் கூடிய, பன்னாட்டு மரபுக்காப்புக் குழுவான இகோமோஸின் பேரவை மரக்கட்டடங்களுக்கான கோட்பாடுகளை ஏற்றது: குறைந்த தலையீடு, முடிந்தவரை அதே வகை மரம், கண்ணை உறுத்தாமல் புது மரத்துக்கு ஓர் அடையாளம்.

கழற்றிக்கொண்டுபோய் வேறிடத்தில் பூட்டும் வழியும் உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகம் அப்படிக் காத்த வீடுகளைக் காட்டுகிறது. ஆனால் அங்கே போன வீட்டில் மாடு கட்டுவதில்லை.

கொட்டம் கொட்டமாகவே இருக்கவேண்டுமானால் ஓர் உரைகல் போதும்: இன்று செய்யும் மாற்றத்தை நாளை வருகிறவன் எதையும் உடைக்காமல் அவிழ்க்க முடியுமா? முடியுமென்றால் சீட்டும் இருக்கட்டும், இரும்புக்காலும் இருக்கட்டும். முடியாதென்றால் பழைய ஓடே போட்டாலும் அது கேடுதான்.

பழுதுபார்க்கப் பனை வேண்டும். 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் எனத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல முடிவு. அதனால் இடிக்கும் கொட்டத்தின் பனங்கைகள் இனி விறகல்ல, பக்கத்துக் கொட்டத்தின் மருந்து. எந்த ஊரில் எத்தனை கைகள், எந்த நீளத்தில் கிடைக்கின்றன என்ற பட்டியலும், நிற்கும் கொட்டங்களின் அளவு வரைபடமும் நம்மிடம் இல்லை. காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழக மாணவர்கள் நாடாவோடு சுற்றுப்பட்டுத் தோட்டங்களுக்குப் போனால் ஓரிரு பருவங்களில் முடியும் வேலை இது. ஆசாரியையும் கூடவே அழைத்துப் போகவேண்டும்.