அரண்மனை வேலும் உலைக்கள வேலும்: புகழுடையோர் படைப்பணி பற்றிய ஓர் ஆய்வு

புறநானூற்றின் 95-ஆம் பாட்டு, ஔவையார் அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற காலத்துப் பாடியது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அங்குள்ள வேல்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் விளங்கின. அவற்றைக் கண்ட புலவர், தம் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனது சிறிய பட்டறையிற் கிடக்கின்றன என்றார். இப்பாட்டினைப் புகழ்வது போலப் பழித்தலுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டி அமைதலே வகுப்பறை மரபாக இருந்து வருகின்றது. ஆயின், அதனுள் மறத்தை அளக்கும் அளவுகோல் ஒன்றும் உளது. படைக்கலத்தின் சிறப்பை அதன் பொலிவால் அறிவதா, தேய்வால் அறிவதா என்பதே அது. புகழுடையோர் மேற்கொள்ளும் படைப்பணியைப் பற்றியும், அதனால் மக்கள் கருதிக்கொள்ளும் வன்மையைப் பற்றியும் இவ்வளவுகோல் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

தொண்டைமான் ஆண்ட தொண்டை நாட்டின் ஒரு பகுதியாகிய திருப்பெரும்புதூர்–ஒரகடம் நிலப்பரப்பு இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். இராமானுசர் பிறந்த ஊர் என்று முன்னர் அறியப்பட்ட இப்பகுதி, இன்று இயந்திரத் தொழிலால் அறியப்படுகின்றது. இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு நிறுவனமாகிய ஹூண்டாய் 1998-இல் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கிற்று. ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் தொழிற்சாலை 2013-இல் இயங்கலாயிற்று. முன்னது கொரியப் பொறியாளர் பலரை இந்நிலத்திற்குக் கொண்டுவந்தது. பின்னதன் பெயர்பெற்ற வண்டி, துப்பாக்கிக் குண்டையே தன் பெயராகக் கொண்டது. 1950-களில் இந்தியப் படை எல்லைக் காவலுக்கென அவ்வண்டியை வாங்கிற்று. அன்று முதல் அதனைச் செலுத்துவோன் படைவீரனைப் போன்றவன் என்னும் எண்ணம் நாட்டில் வேரூன்றிவிட்டது. கொரியரிடையிலோ, உடல் நலமுடைய ஆடவர் யாவர்க்கும் படைப்பணி சட்டத்தால் விதிக்கப்பட்ட கடமை. ஆகவே, படை என்பது ஓர் அடையாளம் என்னும் கருத்தும், படை என்பது ஒரு கடன் என்னும் கருத்தும் இந்நிலத்தில் ஒரே தெருவில் அருகருகே வாழ்கின்றன எனலாம்.

இவற்றுள் முதற் கருத்துத் தமிழ் மக்களிடை எத்துணை வலிமை பெற்றுள்ளது என்பதற்கு அவர்கள் வழங்கும் பட்டங்களே சான்று. ‘மேஜர்’ சுந்தரராஜன் படையில் அப்பதவி வகித்தவர் அல்லர். ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்தில் ஏற்ற வேடத்தால் அப்பெயர் அவர்க்கு நிலைத்தது. விஜயகாந்த் ‘கேப்டன்’ ஆனது 1991-இல் வெளிவந்த ‘கேப்டன் பிரபாகரன்’ என்னும் படத்தால். ‘தளபதி’ என்பதோ திரையுலகிற்கும் அரசியலுக்கும் பொதுவான அடைமொழியாயிற்று. இவர்கள் எவரும் தாம் படையிற் பணிபுரிந்ததாகக் கூறிப் பிறரை ஏமாற்றியவர் அல்லர் என்பது கருதத்தக்கது. மக்களே விரும்பி இப்பதவிகளை அளித்தனர். நடிப்பின் சிறப்பைக் குறிக்க வேறு சொல் இல்லாமையாலன்று; படைப்பதவியின் பெயரே பெருமையுள் தலையாயது என்று கருதியமையால் என்க.

படைப்பட்டம் வழங்கும் வழக்கம் பழந்தமிழரிடையும் இருந்தது. படைத்தலைவர்க்கு அரசர் ஏனாதி என்னும் பட்டமும் அதற்குரிய மோதிரமும் அளித்தனர் என உரையாசிரியர் கூறுவர். அப்பட்டம் பெற்ற ஏனாதி திருக்கிள்ளியைக் கோனாட்டு எறிச்சலூர் மாடலன் மதுரைக் குமரனார் பாடிய 167-ஆம் புறப்பாட்டு ஈண்டு நோக்கத்தக்கது. வாள் பட்ட வடு நிறைந்த உடம்பினன் ஆதலால் அவன் காண்பவர் கண்ணுக்கு இனியன் அல்லன். அவனைப் பற்றிக் கேட்பவர் செவிக்கே இனியன். அவனைக் கண்டு புறங்கொடுத்த பகைவரோ ஊறு அறியாத மேனியர். கண்ணுக்கு இனியர், செவிக்கு இனியர் அல்லர். ஒவ்வொருவரும் ஒன்றில் இனியராக, உலகம் இவனையே வியத்தல் எதனால் எனப் புலவர் அறியார் போன்று வினவுகின்றார். விடை வெளிப்படை. ஆயினும் அவ்வினா இக்காலத்திற்கு மீண்டும் தேவைப்படுகின்றது. ஏனெனில், புகழுடையோர் என்று நாம் கூறுவோர் பெரும்பாலும் கண்ணுக்கு இனியராதலையே தொழிலாகக் கொண்டவர். அத்தகையோர் படைக்குச் செல்லும்போது மக்கள் காண விழைவது ஏனாதியின் வடுவையா, பகைவரது மாசற்ற மேனியையா என்பதே வினா.

இதற்கு நம்மிடையே உள்ள சிறந்த சான்று மகேந்திர சிங் தோனி. சென்னை அணியின் தலைவராக விளங்கித் தமிழ் மக்களால் ‘தல’ என்று அழைக்கப்பட்ட அவர்க்கு, 2011-இல் பிராந்திய இராணுவத்தில் மதிப்புறு லெப்டினன்ட் கர்னல் பதவி அளிக்கப்பட்டது. கபில் தேவ் 2008-இலும், மலையாள நடிகர் மோகன்லால் 2009-இலும் இத்தகைய பதவி பெற்றனர். தோனியின் பதவி வெற்றுப் பட்டமாக நின்றுவிடவில்லை. 2015-இல் ஆக்ராவில் பயிற்சி பெற்று ஐந்து முறை வான்குடை கொண்டு குதித்தார். 2019-இல் மேற்கிந்தியத் தீவுப் பயணத்தினின்று விலகி, சூலை இறுதி முதல் ஆகத்து 15 வரை காசுமீரில் தம் படைப்பிரிவினருடன் தங்கி, சுற்றுக்காவலும் நிலைக்காவலும் ஆகிய பணிகளில் ஈடுபடுத்தப்பட்டார். ஆயினும் மக்கள் நெஞ்சில் நின்றது இக்காவல் அன்று. அதே ஆண்டு சூன் மாதம் உலகக் கோப்பை ஆட்டத்தில் அவர்தம் கையுறையிற் காணப்பட்ட சிறப்புப் படையின் ‘பலிதான்’ முத்திரையே பெரிதும் பேசப்பட்டது. அதனை அணிய அனைத்துலகக் கிரிக்கெட் மன்றம் இசையவில்லை. அஃது உரிமை பற்றிய பூசலாக மாறிற்று. கையுறை முத்திரை மயிற்பீலி. இரவுக் காவல் நுனி மழுங்கிய வேல். ஒருவரிடத்தே இரண்டும் இருந்தும், நாம் கண்டது பீலியையே. குறை அவருடையது அன்று, நம் பார்வையினது.

பிராந்திய இராணுவத்தின் இயல்பே இதனை வலியுறுத்தும். 1949-இல் தொடங்கப்பெற்ற அப்படை, வேறு தொழில் உடையோர் ஆண்டின் ஒரு பகுதியில் பணிபுரிதற்கென அமைந்தது. இருப்புப்பாதைத் துறைக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் அதில் தனிப்பிரிவுகள் உள்ளன. எனவே, ஆட்டக்காரர் ஒருவர் அதன் முகமாகக் காட்டப்படும்போது, அதன் உடம்பாகிய தொழிலாளர் மறைந்துவிடுகின்றனர்.

கொரிய நாட்டு நிலைமை இதற்கு மறுதலையானது. அந்நாட்டுச் சட்டம் ஒலிம்பிக் பதக்கம் வென்ற வீரர்க்கும் செவ்வியல் கலைஞர் சிலர்க்கும் வழக்கமான படைப்பணியினின்று விலக்கு அளிக்கின்றது. மக்களிசைப் பாடகர்க்கு அவ்விலக்கு இல்லை. உலகப் புகழ் பெற்ற பி.டி.எஸ். குழுவினர்க்கும் விலக்கு வேண்டுமா என்னும் சொற்போர் 2022-இல் மிகுந்தது. முடிவில் அக்குழுவினர் பணியை ஏற்றனர். 2022 திசம்பரில் ஜின் முதலாவதாகச் சேர்ந்தார். 2025 சூனில் எழுவர் பணியும் முடிவுற்றது. அவருள் சுகா என்பவர் தோளில் அறுவை மருத்துவம் செய்துகொண்டவர். போர்ப்படையிற் சேராது சமூகப் பணியாளராகக் கடன் நிறைவேற்றினார். இந்தியாவில் படைப்பதவி புகழின்மேற் சூட்டும் அணியாக அமைய, கொரியாவில் படைப்பணி புகழைக் களைந்து வைக்கும் இடமாக அமைகின்றது. மழித்த தலையும் பொதுச் சீருடையும் ஒருவனைப் பலருள் ஒருவனாக்குகின்றன. ஆனால், ஆங்கும் மக்கட் கண் ஓய்வதில்லை. மழித்த தலையின் படமே செய்தியாகின்றது. சமூகப் பணி இரண்டாந்தரமாக எண்ணப்படுகின்றது. கடனைச் சட்டம் சமன் செய்யினும், வன்மை பற்றிய எண்ணம் அதனைத் தரம் பிரிக்கின்றது.

படைப்பணி வன்மையின் உரைகல் அன்று என்பதற்கு உலக வரலாற்றிலும் சான்று உண்டு. பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1958 முதல் 1960 வரை அமெரிக்கப் படையில் எளிய வீரராகப் பணிபுரிந்தார். குத்துச்சண்டையில் உலகை வென்ற முகமது அலியோ 1967-இல் படையிற் சேர மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, மூன்றாண்டுகளுக்கு மேல் களம் காணாதிருந்தார், 1971-இல் உச்ச நீதிமன்றம் அவர்மீதிருந்த தீர்ப்பை நீக்கிற்று. மென்குரற் பாடகர் சென்றார். வன்கை வீரர் மறுத்தார். இவ்விருவரையும் ஒரே தராசில் நிறுக்க வன்மை என்னும் எடைக்கல் உதவாது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பெருமிதத்திற்குக் கூறிய நிலைக்களன்கள் நான்கு. கல்வி, தறுகண், புகழ், கொடை என்பன அவை. அஞ்சாமையாகிய தறுகண் அவற்றுள் ஒன்றே. தன் கொள்கைக்காகப் பட்டத்தை இழந்து நின்றவனிடத்தும் அது விளங்கும் என்பதில் ஐயமில்லை.

புகழுடையோர் படைக்கோலம் பூணுதல் இளைஞர்க்கு ஊக்கம் தருமன்றோ என்பார் உளர். தரும், அதனை மறுத்தற்கில்லை. ஆனால், எதற்கு ஊக்கம் என்பதே ஆராயத்தக்கது. தமிழ் மேடைகளில் புறப்பாடல்கள் பல்லாண்டாக முழங்கப்பட்ட முறையும் இவ்வூக்கத்தின் தன்மையை உருவாக்கியுள்ளது. மகனைக் களத்திற்கு விடுக்கும் தாயின் பாடல்கள் எடுத்து ஓதப்பட்டன; கொல்லன் பட்டறையைக் காட்டும் பாடல் ஒதுக்கப்பட்டது. எடுத்தோதிய பாடலும் முழுமையாக நோக்கப்படவில்லை. பொன்முடியாரின் 312-ஆம் பாட்டு ஈன்று வளர்த்தலைத் தாய்க்கும், சான்றோன் ஆக்குதலைத் தந்தைக்கும், வேல் வடித்தலைக் கொல்லனுக்கும், நன்னடை நல்குதலை வேந்தனுக்கும், போரிடுதலைக் காளைக்கும் கடனாக வகுக்கின்றது. ‘தண்ணடை’ எனப் பாடங் கொண்டு மருதநிலம் ஈதல் எனப் பொருள் கூறுவாரும் உளர். எப்பாடம் கொள்ளினும் இரண்டு செய்திகள் தெளிவு. ஒன்று, காளையின் கடன் களிற்றை எறிதலோடு முடியவில்லை. மீண்டு வருதலும் அதில் அடங்கும். மற்றொன்று, போரிடுவோனுக்கும் வேல் வடிப்போனுக்கும் ஒரே சொல்லே ஆளப்பட்டுள்ளது. கடன் என்னும் அச்சொல்லில் ஏற்றத்தாழ்வு இல்லை.

இதனால், புகழுடையோர் படைப்பணியை மதிப்பிடுங்கால் அவர் அணிந்தது யாது என்று வினவாது, அவர் ஏற்ற கடன் யாது, அதனால் அவரிடம் தேய்ந்தது யாது என்று வினவுதலே புறநானூற்று நெறி என்பது பெறப்படும். அந்நெறியில் நோக்கின், ஒரகடத்தில் குண்டின் பெயர் தாங்கிய வண்டியைப் பொருத்தும் தொழிலாளியின் காய்ப்பேறிய கையும், எல்லையில் அவ்வண்டியைச் செலுத்திய காவலனது கையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணத்தக்கன. அந்நிலத்து இளைஞன் தன் கையின் காய்ப்பைத் தாழ்வென்றும், சுவரொட்டியிற் காணும் சீருடையை உயர்வென்றும் கருதுவானாயின், தொண்டைமானது கொட்டில் இன்னும் மூடப்படவில்லை என்பதே பொருள். ஔவையாரின் பாட்டை அணியாக மட்டுமன்றி அளவுகோலாகவும் கற்பித்தல் தமிழாசிரியர் கடனாம்.