பொறுத்து நின்று ஆடியவர்: ஜாக் மலோன்

கோல்கீப்பரின் தரத்தை அவர் பாய்ந்து பிடித்த பந்துகளை மட்டும் வைத்து எடை போட முடியாது. பந்து எதிரணியின் பாதியில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார், யாரைக் கவனிக்கிறார், எவ்வளவு நேரம் அவசரப்படாமல் பொறுக்கிறார் என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. 'வித்அவுட் எ ட்ரேஸ்' தொடரில் எஃப்.பி.ஐ. அதிகாரி ஜாக் மலோனாக வந்த ஆந்தனி லபாலியாவின் நடிப்பை அப்படித்தான் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்த லபாலியா நிஜத்திலும் கோல்கீப்பராக ஆடியவர். சிட்னி எஃப்.சி. கால்பந்து அணியின் பங்குதாரர்களில் ஒருவராகவும் இருந்தவர்.

2002 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி, 2009 மே 19 வரை 7 சீசன்கள், 160 எபிசோடுகள் ஓடிய தொடர் இது. நியூயார்க்கில் காணாமல் போனவர்களைத் தேடும் ஒரு எஃப்.பி.ஐ. குழுதான் களம். தொடக்கக் காட்சியில் ஒரு மனிதர் நடந்துகொண்டிருக்கும்போதே மங்கி மறைவார். அதன்பின் காணாமல் போய் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று திரையில் எழுத்து வரும். அலுவலகத்தின் வெள்ளைப் பலகையில் ஒரு கோடு இழுத்து, அந்த மனிதரின் கடைசி நாளை மணிக்கணக்கில் நிரப்புவார்கள். கொலை நடந்த பிறகு கொலையாளியைத் தேடும் தொடர்களில் பார்வையாளர் புதிரை விடுவிக்க உட்காருகிறார். இங்கே ஒரு உயிர் இன்னும் மிஞ்சியிருக்குமா என்ற பதைப்போடு உட்காருகிறார். இந்தத் தொடரைப் பற்றி ரசிகர்கள் இவ்வளவு உரக்க வாதிட்டதற்குக் காரணம் இந்தப் பதைப்புதான்.

வாதங்களில் பெரியது ஒன்றுதான்: கதை யாருடையது? தேடப்படுபவருடையதா, தேடுகிற அதிகாரிகளுடையதா? ஜாக்குக்கும் சமந்தாவுக்கும் (பாப்பி மான்ட்கோமரி) இருந்த உறவு, ஜாக்கின் விவாகரத்து, மார்ட்டின் (எரிக் க்ளோஸ்) சுடப்பட்ட பிறகு வலிநிவாரணி மாத்திரைக்கு அடிமையாவது, டேனியின் (என்ரிகே முர்சியானோ) பழைய குடிப்பழக்கம் என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. இவற்றுக்காகவே தொடரைப் பார்த்தவர்கள் உண்டு. வழக்கை விட்டு வீட்டுக்குப் போகாதீர்கள் என்று கோபப்பட்டவர்களும் உண்டு. என் தீர்ப்பு கோபப்பட்டவர்கள் பக்கம். ஆனால் ஒரு திருத்தத்தோடு: அதிகாரிகளின் சொந்தத் துயரம் வந்தது குறை இல்லை, அது வழக்கோடு ஒட்டாமல் தனியாக ஓடியதுதான் குறை.

ஒட்டிய இடத்துக்கு நல்ல உதாரணம் முதல் சீசனின் முடிவு. செப்டம்பர் 11 தாக்குதலில் மனைவியை இழந்த ஒருவர் ஒரு புத்தகக் கடையில் ஆட்களைப் பணயமாகப் பிடித்து வைக்கிறார். சமந்தா குண்டடிபட்டு உள்ளே கிடக்கிறார். ஜாக் தானே உள்ளே போகிறார். தன் சக அதிகாரி மீது அவருக்கு இருக்கும் பாசமும், எதிரே துப்பாக்கியோடு நிற்பவரின் துக்கமும் ஒரே அறைக்குள் மோதுகின்றன. லபாலியா அங்கே குரலை உயர்த்துவதே இல்லை. கேள்வி கேட்டுவிட்டு, எதிராளி பதில் சொல்லி முடித்த பிறகும் இன்னும் கொஞ்சம் காத்திருக்கிறார். அந்த இடைவெளியில்தான் எதிரே இருப்பவர் உண்மையைச் சொல்கிறார். 2004-ல் நாடகத் தொடர் பிரிவில் சிறந்த நடிகருக்கான கோல்டன் குளோப் விருது அவருக்குக் கிடைத்தது மிகச் சரி.

ஆனால் இந்தத் தொடரின் உண்மையான பலம் நிலையான நட்சத்திரங்களை விட, சில வாரங்கள் மட்டும் வந்து போன தாய் தகப்பன்மாரிடம் இருந்தது. மகனைத் தொலைத்துவிட்டு ஓயாமல் தேடும் தகப்பனாக ஒரு எபிசோடில் வந்த சார்ல்ஸ் டட்டன் 2003-ல் எம்மி விருது வாங்கினார். ஜாக்கின் தகப்பனாக வந்தவர் மார்ட்டின் லாண்டாவ். நினைவு தப்பிக்கொண்டே போகும் அந்த முதியவர் தன் வீட்டுக்குள்ளேயே காணாமல் போகிறவர். பிறரைத் தேடித் தரும் மகனால் அவரைத் தேடித் தர முடியவில்லை. சொந்தக் கதையும் தொடரின் கருவும் ஒன்றாகவே கலந்த இடம் அது.

பயன்படுத்தப்படாத ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைக் லீயின் 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற மரியான் ஜான்-பப்டீஸ்ட் இந்தக் குழுவில் விவியனாக நடித்தார். இரண்டாம் சீசனின் கடைசியில் ஜாக் சிகாகோ போவதாக இருந்து, குழுத் தலைமை விவியனுக்கு வந்தது. மூன்றாம் சீசன் தொடங்கியதும் ஜாக் திரும்பி வர, அந்த நாற்காலி பறிபோனது. விவியனின் ரசிகர்கள் இதை மன்னிக்கவில்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு சீசனாவது அவர் தலைமையில் ஆடவிட்டிருந்தால் தொடருக்கே புது மூச்சு கிடைத்திருக்கும்.

பார்வையாளர்களின் கருத்து கதைக்கு வெளியே போய்ப் பெரிய வழக்காக மாறியதும் நடந்தது. பாலியல் காட்சிகள் கொண்ட பதின்வயதினரின் விருந்து ஒன்றைக் காட்டிய ஒரு எபிசோடை 2004 டிசம்பர் 31 அன்று மறுஒளிபரப்புச் செய்தார்கள். புகார்கள் குவிந்தன. 2006 மார்ச்சில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 111 நிலையங்கள் மீது மொத்தம் சுமார் 36 லட்சம் டாலர் அபராதம் விதிக்க முன்வந்தது. நாட்டின் நடுப்பகுதி நேர மண்டலங்களில் அது இரவு 10 மணிக்கு முன்பே ஒளிபரப்பானதுதான் சிக்கல்.

அதே 2006-ல் இன்னொரு எபிசோட் வந்தது, 'வைட் பேலன்ஸ்'. ஒரு வெள்ளையினச் சிறுமியும் ஒரு கறுப்பினச் சிறுவனும் ஒரே நேரத்தில் காணாமல் போகிறார்கள். கேமராக்கள் எல்லாம் சிறுமியின் வீட்டு வாசலில் நிற்கின்றன. இதற்கு இரண்டு முடிவுகளை எடுத்து, அமெரிக்காவின் ஒரு பகுதிக்கு ஒன்றும் மறுபகுதிக்கு மற்றொன்றுமாக ஒளிபரப்பினார்கள். யார் பிழைக்க வேண்டும் என்று மனசு விரும்பியது, ஏன் விரும்பியது என்று பார்வையாளரையே கேட்ட எபிசோட் அது. அதிகாரிகளின் காதல் கதைகளுக்குச் செலவழித்த நேரத்தில் இப்படி இன்னும் பத்து எபிசோடுகள் எடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

பிறகு ஒளிபரப்பு நாளையே மாற்றி மாற்றி அலைக்கழித்தார்கள். 'ஈஆர்' என்ற மருத்துவத் தொடரோடு மோதி வியாழக்கிழமையில் வென்று காட்டிய தொடரை 2006-ல் ஞாயிறுக்குத் தள்ளினார்கள். அங்கே அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நீண்டால் தொடரும் தள்ளிப்போகும். மறுபடி வியாழன், கடைசி சீசனில் செவ்வாய். எந்த நாளில் வரும் என்று பின்தொடர முடியாமல் ரசிகர்கள் சிதறினார்கள். 'சிஎஸ்ஐ' என்ற குற்றப் புலனாய்வுத் தொடரோடு கதை இணைத்த 2007 நவம்பர் எபிசோட் மட்டும் பழைய வேகத்தைக் காட்டியது.

எபிசோட் முடிந்ததும் நிஜத்தில் காணாமல் போன ஒருவரின் புகைப்படத்தைக் காட்டித் தகவல் கேட்பார்கள். அதில் சிலர் கண்டுபிடிக்கப்பட்டதும் உண்டு. 160 எபிசோடுகளையும் பார்க்க நேரம் இல்லாதவர்கள் முதல் இரண்டு சீசன்களை வரிசையாகப் பாருங்கள். அதன்பின் லாண்டாவ் வரும் எபிசோடுகளையும் 'வைட் பேலன்ஸ்' எபிசோடையும் மட்டும் தேடிப் பிடியுங்கள். கடைசி மூன்று சீசன்களைத் தாராளமாகத் தவிர்க்கலாம்.