துக்கமும் தொகையும்

நாவல் படிக்கிறவர்கள் கவிதைப் புஸ்தகத்தின் பக்கம் அதிகம் போவதில்லை. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஏதாவது ஒரு புஸ்தகக் கடையில் கால் மணி நேரம் நின்று பார்த்தால் இது தெரிந்துவிடும். கதைப் புஸ்தக அலமாரிக்கு முன் நாலு பேராவது நிற்பார்கள். கவிதை அலமாரிக்கு முன் யாராவது நின்றால், அவர் தம்முடைய புஸ்தகம் விற்றிருக்கிறதா என்று பார்க்க வந்த கவிஞராக இருக்கும்.

காரணம் கேட்டால் இவர்கள் சொல்லும் பதில் அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. "ஒரே அழுகையாக இருக்கிறது. யார் அழுகிறார்கள், எதற்கு அழுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்குள் பக்கம் முடிந்துவிடுகிறது. திருப்பினால் வேறு யாரோ அழுகிறார்கள்" என்கிறார்கள். நாவல் எழுதுகிறவன் என்கிற முறையில் எனக்கு இந்தக் குறை நன்றாகவே புரிகிறது. நாவலில் துக்கத்துக்கு விலாசம் உண்டு. ஒருத்தி கிணற்றடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் என்றால், அதற்கு முன் நூறு பக்கத்தில் அவள் புருஷன், மாமியார், வாங்கின கடன், போன குழந்தை எல்லாம் வந்தாகிவிட்டது. ஆசிரியனுக்கு மனமிருந்தால் கடைசி அத்தியாயத்தில் அவளுக்கு ஒரு நல்ல காலத்தையும் காட்டலாம். கவிதைத் தொகுதிக்கு முன்கதையும் கிடையாது, கடைசி அத்தியாயமும் கிடையாது. அப்படியானால் அதிலுள்ள வேதனை படிக்கிறவனுக்கு எப்படிச் சொந்தமாகிறது? நம்பிக்கை என்று ஒன்று அதில் எங்கிருந்து வருகிறது?

இதற்குத் தமிழில் மிகப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. நம் முன்னோர்கள் பாட்டுக்களைத் தனித்தனியாக விட்டுவைக்கவில்லை, தொகுத்தார்கள். எட்டுத்தொகை என்று அதற்குப் பெயரே அப்படித்தான். கையில் கிடைத்ததையெல்லாம் ஒரு கயிற்றில் கோத்துக் கட்டிவைத்த காரியமல்ல அது. அகநானூற்றை எடுத்துக்கொள்ளலாம். மதுரை உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் தொகுத்ததாகச் சொல்லப்படும் நூல். நம் காலத்துக்கு அதை அச்சில் கொண்டுவந்து தந்தவர்களில் ஒருவர், மயிலாப்பூரில் கம்பர் புஸ்தகாலயம் நடத்திய இராஜகோபாலையங்கார். அதில் நானூறு பாட்டுக்கள். ஒற்றைப்படை எண்ணில் வருவதெல்லாம் பாலை, அதாவது பிரிவு. இரண்டும் எட்டும் பன்னிரண்டும் பதினெட்டும் குறிஞ்சி. நாலு, பதினாலு என்று வருவது முல்லை. ஆறு, பதினாறு மருதம். பத்து, இருபது நெய்தல். கூட்டிப் பார்த்தால் பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் தலைக்கு 40.

இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டு மறந்துவிடுகிறோம். கொஞ்சம் நின்று யோசித்தால் இது வெறும் கணக்கல்ல என்று தெரியும். மனித உறவில் சரிபாதி பிரிவுதான் என்று ஒருவன் கூசாமல் சொல்லியிருக்கிறான். அப்படிச் சொன்னவனுக்கு இரண்டு பாலைப் பாட்டுக்களை அடுத்தடுத்து வைக்க மட்டும் மனம் வரவில்லை. ஒரு பாலை முடிந்தால் ஒரு மலைச்சாரல், அல்லது மழை பெய்த காடு, வயல், கடற்கரை. அது முடிந்ததும் தவறாமல் மறுபடி பாலை. பாலையைப் பாடிய கவிஞனுக்கு, தன் பாட்டுக்கு அண்டை வீடாக எது வரப்போகிறது என்று தெரியாது. அவன் தன் வேதனையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அடுத்த ஏட்டில் மழையை வைத்தவன் தொகுத்தவன். வேதனை கவிஞனுடையது, உணர்ச்சி வாசகனிடத்தில் எழுவது, நம்பிக்கையோ தொகுத்தவனுடையது. கவிதைத் தொகுதிகளைப் படிக்கப் படிக்க இதுதான் எனக்கு உறுதியாகிக்கொண்டு வருகிறது.

வேதனை எப்படிச் சொந்தமாகிறது என்ற கேள்விக்குக் குறுந்தொகையில் பதில் இருக்கிறது. நாலு அடி முதல் எட்டு அடி வரையுள்ள சின்னப் பாட்டுக்கள், கடவுள் வாழ்த்து நீங்கலாக 401. ஏறக்குறைய இருநூறு கவிஞர்கள். அகப்பாட்டில் காதலனுக்கோ காதலிக்கோ பெயர் சொல்லக் கூடாது என்பது விதி. ஊர்ப் பெயரும் அரசன் பெயரும் உவமையில் வரலாம். அழுகிறவள் பெயர் வராது. பெயரில்லாமல் என்னால் ஒரு பாத்திரத்தை நடமாடவிட முடியாது. அந்தக் கவிஞர்களுக்கு அது தேவைப்படவில்லை. பெயர் இல்லாத இடத்தில் படிக்கிறவள் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறாள்.

இதைவிட விசேஷம், பாடினவர்கள் சிலருடைய பெயரே நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வந்த ஒரு காட்சியையே அவர்களுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப் பெயனீரார், குப்பைக் கோழியார், அணிலாடு முன்றிலார் என்றெல்லாம் பெயர்கள். அணில் விளையாடும் முற்றத்துக்காரர்! ஆட்கள் விட்டுப் போன வீட்டு முற்றத்தில் பயமில்லாமல் அணில் ஓடுகிறது. அவ்வளவுதான் அவர் சொன்னது. தனிமை என்ற சொல்லை வைத்துக்கொண்டு பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும் இந்த அணிலுக்கு ஈடாகாது. மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் இன்றைக்கும் பூட்டிய பழைய வீடுகள் இருக்கின்றன. பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். அடுக்குமாடி கட்டுகிறவன் வருவதற்காக வீடு காத்திருக்கிறது. திண்ணையில் அணில் ஓடுவதைப் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கவிஞரை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. பாடினவர் பெயர் போய்விட்டது, அவர் பட்டது போகவில்லை.

போயிருக்கக்கூடும் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. குறுந்தொகைக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் செய்ததாகச் சொல்லப்படும் பழைய உரை அழிந்தே போயிற்று. நூலை 1915ல் சௌரிப்பெருமாள் அரங்கனார் அச்சேற்றினார். 1937ல் உ. வே. சாமிநாதையர், தமது எண்பதுகளில், பல ஏடுகளை ஒப்புநோக்கித் தாமே விரிவான உரையும் எழுதி வெளியிட்டார். அவர் சேர்த்த சுவடிகள் அவர் காலத்துக்குப் பின், 1943ல் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அடையாற்றில் தொடங்கப்பட்ட நூல்நிலையத்துக்கு வந்தன. பிறகு பெசன்ட் நகரில் அதற்குச் சொந்தக் கட்டிடமும் எழுந்தது. திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த வீட்டை 2012ல் இடித்துவிட்டார்கள். வீடு போயிற்று, ஏடு நின்றது. முன்பின் தெரியாத ஒருத்தியின் பிரிவுத் துயரத்துக்காக ஒரு மனிதர் ஊர் ஊராக அலைந்து பரண்களில் ஏறி இறங்கினார் என்பதைவிட நம்பிக்கையான செய்தி எந்தக் கவிதைக்குள்ளும் இல்லை.

சங்ககாலத்துக்கு இது சரி, இன்றைய கவிதைக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். அதே திருவல்லிக்கேணியில், பிள்ளையார் கோயில் தெருவிலிருந்து, சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். அதில் வந்த புதுக்கவிதைகளிலிருந்து பொறுக்கி, 24 பேருடைய 63 கவிதைகளை 1962ல் 'புதுக்குரல்கள்' என்று புஸ்தகமாக்கினார். ந. பிச்சமூர்த்தி போன்ற மூத்தவரும் உண்டு. திருகோணமலையிலிருந்து எழுதிய, இருபது வயதைத் தாண்டியிருந்த தருமு சிவராமுவும் உண்டு.

இந்தத் தொகுதியை நான் முழு மனதோடு புகழத் தயாராக இல்லை. வேதனையை அனுபவித்துச் சொல்வதற்குப் பதிலாக, வேதனையைப் பற்றி யோசித்துச் சொல்லும் கவிதைகள் இதில் பல. இருள், வெறுமை, சூன்யம் என்ற சொற்கள் வந்தால் போதும், ஆழம் வந்துவிடும் என்று சிலர் நம்பியிருக்கிறார்கள். அணிலைக் காட்டத் தெரிந்த மரபுக்கு இது ஒரு படி இறக்கம்தான். ஆனால் தொகுதி என்ற அளவில் அது செய்த காரியம் பெரியது. திணை, துறை என்ற பொது வழி இல்லாமல், ஒவ்வொருவரும் தம் தம் அறையில் உட்கார்ந்து, தமக்கு மட்டுமே நேர்ந்த தனிமை என்று எழுதியதை, இருபத்து நாலு பேருக்கும் நேர்ந்திருக்கிறது என்று அது காட்டிவிட்டது. தனியாகப் படித்தால் புலம்பலாகத் தோன்றும் கவிதை, பக்கத்துக் கவிதையோடு சேர்த்துப் படிக்கும்போது ஒரு தலைமுறையின் குரலாகிறது. இந்த நம்பிக்கையும் தொகுத்தவரிடம்தான் இருந்தது. விற்காது என்று தெரிந்த புஸ்தகங்களைப் போட்டு, அவற்றைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் செல்லப்பா. 1970ல் 'எழுத்து' நின்றது. புதுக்கவிதை நிற்கவில்லை.

தருமு சிவராமுவைச் சொன்னதும் இலங்கையைப் பற்றிப் பேசாமல் முடியாது. தொகை நூல்களுள் முதலில் அச்சான கலித்தொகையை 1887ல் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர். அந்த யாழ்ப்பாணத்தில் 1981ல் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. 1983ல் தமிழர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது உலகம் அறியும். 1985ல் சேரன், யேசுராசா, பத்மநாப ஐயர், மயிலங்கூடலூர் பி. நடராசன் ஆகிய நால்வர் சேர்ந்து, 31 கவிஞர்களின் 82 கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். புஸ்தகத்தின் பெயர் 'மரணத்துள் வாழ்வோம்'.

அந்தப் பெயரைக் கவனிக்க வேண்டும். மரணத்துக்குப் பின் என்றோ மரணத்தைத் தாண்டி என்றோ அவர்கள் சொல்லவில்லை, உள்ளே என்கிறார்கள். வாழ்வேன் என்று இருந்தால் அது ஒருவனுடைய வீறாப்பு. வாழ்வோம் என்பது தன்மைப் பன்மை. தமிழில் அந்த ஒரு விகுதி தீர்மானமாகவும் இருக்கிறது, பிறரை வாருங்கள் என்று கூப்பிடுவதாகவும் இருக்கிறது. ஒருவர் தனியாக எழுதிய புஸ்தகத்துக்கு இந்தப் பெயர் இவ்வளவு பொருந்தியிருக்காது. முப்பத்தொரு பேர் சேர்ந்து நிற்பதால்தான் அந்த 'ஓம்' பொய்யாகாமல் நிற்கிறது.

குறுந்தொகைக்கு நேர்மாறான ஒரு காரியமும் இங்கே நடக்கிறது. அங்கே பெயரை மறைப்பது அழகு. இங்கே எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்லாமல் விடுவது கொன்றவனுக்கு உதவி செய்வதாகிவிடும். ஆகவே பெயர் சொல்லக் கூடாது என்பதையோ சொல்லியே ஆக வேண்டும் என்பதையோ நாம் கவிதைக்குச் சட்டமாக்க முடியாது. எந்த வேதனை எதைக் கேட்கிறது என்பதே விஷயம். இந்தத் தொகுதியிலும் கோஷம் உண்டு. கோஷத்துக்கு ஆயுள் குறைவு. வீடு, கடற்கரை, வராமல்போன ஒருவன் என்று கண்ணால் கண்டதைச் சொன்ன கவிதைகள் நிற்கின்றன. அடுத்த வருஷமே, 1986ல், சித்திரலேகா மௌனகுரு தொகுத்துப் பத்துப் பெண்களின் 24 கவிதைகள் 'சொல்லாத சேதிகள்' என்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தன. அதே மண், அதே காலம். ஆனால் போரைப் பற்றிய பேச்சில் இடம் கிடைக்காத வீட்டுக்குள் இருக்கும் வேதனை. ஒரு தொகுதி எவ்வளவு பெரியதானாலும் அதற்கு வெளியே யாரோ ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார் என்பதை அந்தச் சின்னப் புஸ்தகம் நினைவுபடுத்துகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னைப் புஸ்தகக் கண்காட்சிக்கென்று ஒவ்வொரு வருஷமும் ஏராளமான கவிதைத் தொகுதிகள் அச்சாகின்றன. பெரும்பாலும் தனி ஒருவர் எழுதியவை. அட்டை நன்றாக இருக்கிறது, முன்னுரையில் புகழ்ச்சிக்குக் குறைவில்லை. உள்ளே எழுதின தேதி வரிசையில், அல்லது எந்த வரிசையும் இல்லாமல், எண்பது துக்கங்கள். இரண்டு பாலைக்கு நடுவே ஒரு மழையை வைக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. நம்பிக்கை வேண்டும் என்று யாரோ சொன்னதற்காகக் கடைசிக் கவிதையில் விடியலையும் விதையையும் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறார்கள். அந்த விடியலை நாவல் வாசகன் நம்புவதில்லை. எங்கள் நாவல்களின் கடைசி அத்தியாயத்தில் அதே மாதிரி ஒட்டுவேலையை எத்தனையோ தடவை அவன் பார்த்திருக்கிறான். தன் கவிதைகளைத் தானே தொகுக்கும் கவிஞன், எழுதினவன் என்ற ஆசையைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்து, உருத்திரசன்மன் இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எண்பதில் நாற்பதைத் தள்ள மனம் துணிந்தால், மிச்சமுள்ள நாற்பதுக்கும் உயிர் வரும்.

நாவல் வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கவிதைத் தொகுதியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் படிக்காதீர்கள். அப்படிப் படித்தால் உங்கள் குறை நியாயமானதுதான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பாட்டுப் படியுங்கள். அகநானூற்றை நல்ல உரையோடு எடுத்துக்கொண்டால் ஒன்று பாலையாக இருக்கும், மற்றது வேறாக இருக்கும். நாளைக்கு இரண்டு என்று படித்தால் நானூறும் இருநூறு நாளில் முடிந்துவிடும். ஒரு நீண்ட தொடர்கதை பத்திரிகையில் முடிய அதைவிட அதிக நாளாகிறது.